பாலமும் பயனிலையும்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவரும், நாற்காலி ஒன்றைக் கண்டால் மற்றவர்கள் யோசிப்பதற்குள் அதில் அமர்ந்துவிடும் பழக்கம் பள்ளி நாளிலிருந்தே உள்ளவருமான டோனா ஃபெலிஸ்மினா அவர்களே. வெயிலானாலும் வெள்ளமானாலும் எங்களை ஒரே குரலில் கண்டித்துவரும் இரு பங்குச் சாமியார்களே. நாடா வெட்ட வந்து, கத்தரிக்கோலை மறந்துவிட்டு, என் கைப்பையில் இருந்த நகம் வெட்டும் கத்தரியால் காரியத்தை முடித்த நகரசபைத் தலைவர் அவர்களே. கண்ணுக்குக் காவலான புனித லூசியாவின் கரையிலிருந்து வந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் என் கரைப் பெரியோர்களே. தொண்டைக்குக் காவலான புனித பிராசின் கரையிலிருந்து வந்து, நான் பேசத் தொடங்கியதிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் எதிர்க்கரைப் பெரியோர்களே. அடுப்பில் கருவாட்டை வேகப் போட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் வருவதாகச் சொல்லி வந்து, இன்னும் அசையாமல் நிற்கும் தாய்மார்களே. யார் பெயரை முதலில் சொன்னேன், யார் பெயரைப் பின்னால் சொன்னேன் என்று கணக்கெடுக்காதீர்கள். மனிதருக்கு வாய் ஒன்றுதான்.

உங்கள் அனைவருக்கும், ரிபால்வா நகரத்து விதவை எர்மெலிந்தா, தலை நிமிர்ந்தபடியே தன் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறாள். குனிந்து வணங்கவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். இந்தப் பாலத்தில் யார் முதலில் குனிவது என்ற கேள்வியால் நாம் பட்ட பாடு போதும்.

பேச்சுக்குப் போகுமுன் ஒரு திருத்தம். அழைப்பிதழில் 'பாலத்தைக் கடந்து வருக' என்று அச்சடித்திருக்கிறார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் பெர்பெத்துவாவிடம் மொழி படித்தவள் நான். தவறான சொல்லைக் கண்டால் எனக்குச் செருப்புக்குள் கல் புகுந்தாற்போல் இருக்கும். நம் ஊரில் யாராவது 'பாலத்தைக் கடக்கிறேன்' என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அத்தை வீட்டுக்குப் போகிறோம். கோயிலுக்குப் போகிறோம். அதுபோலப் பாலத்துக்குப் போகிறோம். போவோம், நிற்போம், பேசுவோம், வந்த வழியே திரும்புவோம். கடப்பது வெளியூர்க்காரர்கள் செய்யும் வேலை. இந்த ஒரே ஒரு சொல்லால் இந்தப் பாலம் நம் கையைவிட்டுப் போகப் பார்த்தது. அது எப்படிப் போகப் பார்த்தது, எப்படித் தங்கியது என்பதைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். ஆகவே நான் சரியாகச் சொல்கிறேன்.

என்ன? ஒலிபெருக்கி கேட்கவில்லையா? பிராஸ் கரையில் தொண்டைக்குத்தானே காவல். காதுக்கு வேறு புனிதரைத்தான் நீங்கள் வேண்டிக்கொள்ள வேண்டும்.

கதை நம் தாத்தாக்கள் காலத்தில் தொடங்குகிறது. அந்நாளில் திருவிழாவன்று இரு கரைச் சுரூபங்களும் பாலத்தின் நடுப்பலகையில், இதோ நான் நிற்கும் இதே பலகையில், சந்திப்பது வழக்கம். எங்கள் லூசியா இந்தக் கரையிலிருந்து தோளேறி வருவாள். அவர்களுடைய பிராஸ் அந்தக் கரையிலிருந்து தோளேறி வருவார். இருவரும் ஒருவருக்கொருவர் தலை சாய்ப்பார்கள். ஒரு வருடம் யாரோ ஒருவர் வாயிலிருந்து ஒரு கேள்வி விழுந்தது. முதலில் சாய்வது யார்? 'பிராஸ் ஆயர், ஆயருக்குத்தான் முதல் மரியாதை' என்றார்கள் அவர்கள். 'பெண் எதிரே நிற்கும்போது ஆண் விறைத்து நிற்பது எந்த ஊர் மரியாதை?' என்றார்கள் நம்மவர்கள். சாய்த்தார்களா? சாய்க்கவில்லை. சரி, தோளிலிருந்து இறக்கினார்களா? இறக்கவில்லை. மழை வந்தது. மழைக்காவது ஒதுங்கினார்களா? ஒதுங்கவில்லை. பிராசின் தாடிச் சாயம் கரைந்து வெள்ளை அங்கி முழுவதும் வழிந்தது. கண்ணுக்குக் காவலானவள் என்பதற்கு அடையாளமாக எங்கள் லூசியா தட்டில் ஏந்தியிருந்த இரண்டு கண்களில் ஒன்று பிசின் விட்டு, உருண்டு, சொரேலா ஆற்றில் விழுந்தது.

அன்று இரு கரையும் ஒரு சபதம் எடுத்தன. இரு கரையும் ஒரு சொல்கூட மாறாமல் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். 'முதல்ல அவங்க நம்ம மண்ணுல கால் வைக்கட்டும். அப்புறம் நாம வைக்கலாம்.'

அப்படியானால் இத்தனை காலமாக யாரும் எதிர்க்கரைக்குப் போகவே இல்லையா என்று வெளியூர் விருந்தினர்கள் கேட்கலாம். போனோம். பேருந்தில் போனோம். ஆற்றின் கீழ்ப்பக்கம் சாலைப் பாலம் இருக்கிறது. சக்கரத்தில் போனால் பயணம், காலில் போனால்தான் தோல்வி என்று இரு கரைப் பெரியவர்களும் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கும்போது கால் மண்ணில் படாதா? படும். அதற்குப் பொறுப்பு பேருந்து.

நடந்து வந்தால் நடுப்பலகை வரை. அந்த நடுப்பலகையில் நடக்காதது என்ன? அவர்கள் மத்தி மீனும் நம் முட்டைக்கோசும் கை மாறியது இங்கே. இரு கரைப் பிள்ளைகளும் கண்ணோடு கண் மாறியது இங்கே. வம்பு வளர்ந்தது இங்கே, வழக்கு முடிந்தது இங்கே. எதிர்க்கரையில் பாலத்தின் வாயிலில் ஒரு காபிக் கடை இருக்கிறது. என் கணவர் தியோதோசியோ, கர்த்தர் அவரைத் தம் நிழலில் வைக்கட்டும், மாலைதோறும் இந்தப் பலகையில் நின்று அந்தக் காபியின் வாசனையை மட்டும் இழுத்துக் குடிப்பார். 'எர்மெலிந்தா, அந்தக் காபி என்ன ருசியா இருக்கும்னு நினைக்கிறே?' என்பார். 'வீட்டுல வெச்சிருக்கேன், ஆறுது, வாங்க' என்பேன். கடைசி வரைக்கும் அதைக் குடிக்காமலே போனார். பேருந்தில் போய்க் குடித்திருக்கலாம். காபிக்காகப் பேருந்து ஏறுவது கௌரவம் இல்லை என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன்.

இனி நம் விழாத் தலைவருக்கு வருகிறேன். நீங்கள் மரியாதையாக டோனா என்றழைக்கும் ஃபெலிஸ்மினா என் வகுப்புத் தோழி. கன்னியர் மடம் ஊருக்கு வெளியே மேட்டில் இருந்ததால் இரு கரைப் பெண்களும் ஒரே பெஞ்சில் படித்தோம். கடைசி வருடம் ஒப்புவித்தல் போட்டியில் வெள்ளிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. வருத்தமே இல்லை என்பதை மாலைதோறும் இந்த நடுப்பலகைக்கு வந்து அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆனது, சொன்னேன். அவருக்குக் கல்யாணம் ஆனது, சொன்னேன். இருவரும் விதவைக் கறுப்பு உடுத்திய பிறகும் சொன்னேன். தாய்மார்களே, சிரிக்காதீர்கள். காலையில் எழுந்தால், மாலையில் போய்ச் சண்டை போட ஓர் இடமும் ஓர் ஆளும் இருப்பது எத்தனை பெரிய ஏற்பாடு என்பது அந்த இரண்டும் போகப் பார்த்தபோதுதான் தெரியும்.

போகப் பார்த்தது. இரும்பு துருப்பிடித்திருக்கிறது, செலவு செய்து சீர்செய்வதா, கழற்றி எடுப்பதா என்று பார்த்துவரத் தலைநகரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வால்டெமார் என்று பெயர். நல்ல மனிதர், நல்ல உடம்பு, கையில் ஒரு மடக்கு நாற்காலி. அதைப் பாலத்தின் வாயிலில் விரித்துப் போட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் ஒரே கேள்வி கேட்டார். நம் கரை மீன்காரப் பெண்மணியிடம் அவர் பேசியதை நானே கேட்டேன்.

'எங்கேம்மா போறீங்க?'

'பாலத்துக்கு சார்.'

'பாலத்துலதானே நிக்கிறீங்க. பாலத்துக்கு அப்புறம் எங்கே?'

'அப்புறம் வீட்டுக்கு.'

'வீடு அந்தக் கரையிலயா?'

'அந்தக் கரையிலயா? நல்லா இருக்கே. எங்க அம்மா என்னை ஒழுங்கா வளர்த்திருக்காங்க சார்.'

அடுத்து வந்தவரிடம் கேட்டார். பாலத்துக்கு. அதற்கு அடுத்தவர்? பாலத்துக்கு. சாமியார்? பாலத்துக்கு. இன்ஜினியர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரை வாயிலுக்குப் போனார். அங்கும் அதே பாட்டு. மறுநாள் அவர் என்னைத் தேடி வந்தார். இந்த ஊரில் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் நான்தான் என்று யாரோ சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

'தப்பா எடுத்துக்காதீங்கம்மா' என்றார். 'பாலம்னா இந்தக் கரையில ஏறி அந்தக் கரையில இறங்கணும். உங்க ஊர்ல ஏறின பக்கமே இறங்குறாங்க. எல்லா ஊர்லயும் பாலம் ரெண்டு ஓரத்துல தேயும். உங்களுது நடுவுல மட்டும் குழிஞ்சு கிடக்கு. இப்படி ஒரு வியாதியை நான் பார்த்ததே இல்லை. இது பாலம் இல்லம்மா. ஆத்துக்கு மேல எதிரெதிரா ரெண்டு பால்கனி.'

அதை நான் ஊரில் சொன்னபோது முதலில் எல்லோருக்கும் பெருமைதான். வேறு எந்த ஊருக்கு ஆற்றின்மேல் இரண்டு பால்கனி இருக்கிறது? அதன் பிறகுதான் அவர் சொன்ன மீதியைச் சொன்னேன். யாரும் கடக்காத பாலத்துக்குச் செலவு செய்ய மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைவரை பார்ப்பார். அதற்குள் யாரும் கடக்காவிட்டால், பாலத்தைக் கழற்றித் துருவைச் சுரண்டி மோன்ஃபாலிமுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மோன்ஃபாலிமுக்கு. கீரை சூப்பில் சர்க்கரை போடும் ஊருக்கு.

அன்று மாலை இந்தப் பாலம் தாங்கிய கூட்டத்தைப் பாலம் கட்டிய நாளிலும் அது தாங்கியிருக்காது. இரு கரையும் நடுப்பலகைக்கு இரு பக்கமும் நெருக்கி நின்றன. கடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யார் முதலில் என்பதில்தான் மரியாதை குறுக்கே வந்து நின்றது.

'நீங்க முதல்ல வாங்க. எங்க வீடு உங்க வீடு.'

'ஐயையோ, பெரியவங்க உங்களை நாங்க முந்தலாமா? நீங்க வாங்க.'

'நேத்துத்தான் வாசல் கழுவினோம். உங்களுக்காகத்தான்.'

'நாங்க விரிப்பே விரிச்சிருக்கோம்.'

இவ்வளவு அன்பை இந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை, இதற்குப் பின்னும் காணப்போவதில்லை. அன்பு முற்றி அடிதடியாவதற்குள் சாமியார்கள் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

மறுநாள் நம் கரை இறைச்சிக் கடை கசிமிரோவுக்கு ஒரு யோசனை உதித்தது. அதோ, கடைசி வரிசையில் நின்று சிரிக்கிறார். கசிமிரோ, கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். உங்களை இந்த ஊருக்கு முதுகிலிருந்துதான் அடையாளம் தெரியும். அவருடைய யோசனை இதுதான். 'நான் பின்னாடியே நடந்து போறேன். மூஞ்சி நம்ம கரையைப் பார்த்துக்கிட்டே இருக்குதுல்ல? அப்போ நான் நம்ம கரையை விட்டுப் போகலைன்னுதானே அர்த்தம்?' ஊரே இதை ஏற்றுக்கொண்டது. படித்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நான் ஏற்கவில்லை, ஆனால் வேடிக்கை பார்க்கப் போனேன்.

வயிற்றில் ஏப்ரனோடு, முகத்தில் வீரத்தோடு, கசிமிரோ பின்னோக்கி நடந்தார். நடுப்பலகை வந்தது, தாண்டினார். நம் கரை மூச்சைப் பிடித்தது. எதிர்க்கரை தொண்டையைச் செருமியது. கடைசிப் பலகையில் இன்ஜினியர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கசிமிரோவுக்கு முதுகில் கண் இல்லை. இன்ஜினியரின் மடியில் போய் ஜம்மென்று அமர்ந்துவிட்டார்.

இன்ஜினியர் கடமை தவறாதவர். அந்த நிலையிலும் கேட்டார்: 'எங்கே போறீங்க?'

'போகலை சார். வந்துக்கிட்டிருக்கேன்.'

'எங்கேயிருந்து?'

'அதான் மூஞ்சி பார்க்குதே சார்.'

இறைச்சிக் கடைக்காரரை மடியில் வைத்துக்கொண்டே இன்ஜினியர் யோசித்தார். இவர் போனவரும் இல்லை, வந்தவரும் இல்லை, மண்ணில் காலும் படவில்லை. ஆகவே கணக்கில் சேராது என்று முடிவு சொன்னார். கசிமிரோ எழுந்து, நேராக நடந்து, நம் கரைக்குத் திரும்பினார். நாற்காலியின் ஒரு கால் அன்றிலிருந்து வளைந்தே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. நான் வழக்கம்போல் நடுப்பலகைக்குப் போனேன். ஃபெலிஸ்மினா முன்பே வந்து நின்றிருந்தார். மன்னிக்க வேண்டும், மேடையில் 'அவர்' என்று சொன்னால் எனக்கு வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது. அவள் வந்து நின்றிருந்தாள். மறுநாளோடு பாலம் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பதக்கத்தைப் பற்றிப் பேசினோம்.

'மூணாவது பத்தியில நீ ஒரு வரியை முழுங்கினேடி' என்றேன். 'எனக்கு மட்டும்தான் தெரியும்.'

'முழுங்கினேன். தொண்டைக் கரைக்காரி. முழுங்கத் தெரியும்.'

'மதர் அதைக் கவனிக்கலை. கவனிச்சிருந்தா பதக்கம் என் கழுத்துல.'

'கவனிச்சாங்க.'

'என்னது?'

'கவனிச்சாங்கடி. பதக்கத்தை என் கழுத்துல போடும்போது காதோரமா உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க.'

இத்தனை காலமாக அவள் இதைச் சொன்னதே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். 'என்ன சொன்னாங்க?'

'"எர்மெலிந்தா இருக்காளே, அவ..."'

கோயில் மணி அடித்தது. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். 'அடுப்புல பால் வெச்சிருக்கேன். நாளைக்குச் சொல்றேன்' என்று கிளம்பிவிட்டாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். 'எர்மெலிந்தா இருக்காளே, அவ.' இது ஒரு வாக்கியமா? எழுவாய் இருக்கிறது. பயனிலை எங்கே? எழுவாயாக மட்டும் நின்றுகொண்டு ஒரு பெண் எப்படித் தூங்குவாள்? எர்மெலிந்தா, அவள் கெட்டிக்காரியா? எர்மெலிந்தா, அவள் கர்வக்காரியா? எர்மெலிந்தா, அவளுக்குத்தான் உண்மையில் பதக்கம் சேர வேண்டுமா? அன்றிரவு நான் போட்டுப் பார்க்காத பயனிலை இல்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? யார் அது? தம்பி, உனக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை என்று தெரிகிறது. முகம் பார்க்காமல் போடுவது சண்டை இல்லை, புகார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, நடுப்பலகைக்கு வந்தேன். அவள் இல்லை. நின்றேன். அவள் வரவில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள், கல்யாண நாளன்று வந்திருக்கிறாள், கணவரைப் புதைத்த மாலையில்கூட வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். அன்று வரவில்லை. எதிர்க்கரைப் பெண் ஒருத்தி கூடையோடு வந்தாள்.

'உங்க டோனா எங்கே?'

'முழங்கால் வீங்கிருச்சாம்மா. படுத்திருக்காங்க. உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு இருந்தாங்களாம். என்னத்தச் செய்ய, எழுந்திருக்க முடியலையாம்.'

ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது. எதிர்க்கரை வாயிலில் இன்ஜினியர் வளைந்த கால் நாற்காலியை மடக்க முடியாமல் மடக்கிக்கொண்டிருந்தார். மாலை ரயிலுக்கு அவர் போக வேண்டும். எங்கள் வயதில் முழங்கால் வீங்கினால் அது முழங்காலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. நாளைக்குப் பாலம் இருக்காது. பாலம் இல்லாவிட்டால் மாலை இருக்காது. அவள் பாட்டுக்கு அந்தக் கரையில் படுத்துப் போய்விட்டால், நான் கடைசிவரை பயனிலை இல்லாத எழுவாயாக இந்தக் கரையில் நிற்க வேண்டியதுதான்.

சபதம் நினைவுக்கு வந்ததா? வரவில்லை. லூசியா நினைவுக்கு வந்தாளா? அவளும் வரவில்லை. நான் நடந்தேன். நடுப்பலகையைத் தாண்டினேன். முன்னோக்கித்தான் நடந்தேன், கசிமிரோ.

'எங்கேம்மா போறீங்க?' என்றார் இன்ஜினியர், தலை நிமிராமலே, பழக்கத்தில்.

'ஃபெலிஸ்மினா வீட்டுக்கு.'

தலை நிமிர்ந்தது. 'பாலத்துக்கு இல்லையா?'

'பாலம் இங்கேதான் இருக்கு. நீங்க வழியை விடுங்க.'

நாற்காலி அவர் கையிலிருந்து விழுந்தது. என் கால் பிராசின் மண்ணில் இறங்கியது. மண் மண்ணாகத்தான் இருந்தது.

எனக்குப் பின்னால் நடந்ததைப் பிறகு சொன்னார்கள்.  கசிமிரோ கத்தினாராம்: 'டோனா எர்மெலிந்தா தனியாப் போயிட்டாங்கப்பா. நாளைக்கு அவங்க திரும்பி வந்து நம்மளைக் கேள்வி கேட்டா என்ன பதில் சொல்றது?' என்னைக் காப்பாற்ற வந்தார்களா, என் கேள்விக்குப் பயந்து வந்தார்களா, தெரியாது. கரையே வந்தது. ஏப்ரனோடு வந்தார்கள், குழந்தையோடு வந்தார்கள், தலையில் பாதி சுருட்டிய முடியோடு வந்தார்கள். இன்ஜினியர் தாள் தீர்ந்துபோய் ரொட்டி சுற்றிய காகிதத்தில் எழுதினாராம்.

எதிர்க்கரைக்கு இதில் திண்டாட்டம். வென்றுவிட்டார்கள், ஆனால் வென்ற பிறகு என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. நாற்காலி போட்டார்கள். ஒயின் ஊற்றினார்கள். அப்போது அவர்கள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மெதுவாக வந்து நம் சாமியாரிடம், 'வந்ததே வந்தீங்க, இதையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க சாமி. பீரோவுல இடத்தை அடைக்குது' என்று பஞ்சில் பொதிந்த ஒன்றை நீட்டினார். பிரித்துப் பார்த்தால், கண். எங்கள் லூசியாவின் கண். அந்நாளிலேயே வலையில் சிக்கியிருக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் கோயில் பீரோவில் இருந்திருக்கிறது.

'இத்தனை காலமா ஏன் கொடுக்கலை?' என்றார் நம் சாமியார்.

'நீங்க வந்து கேட்கவே இல்லையே.'

'நீங்க கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே.'

'அதெப்படி சாமி? நாங்க முதல்ல வர முடியுமா?'

ஆக, உண்மையை யோசித்துப் பாருங்கள். எதிர்க்கரைக்கு முதலில் போனது நான் இல்லை. நாம் கால் வைக்கலாமா கூடாதா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிக்கொண்டிருந்தபோது, நம் புனிதை ஒரு கண்ணை அங்கே அனுப்பிவிட்டு, நம்மையெல்லாம் மிச்சக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கண்ணைச் சும்மா கொடுத்தனுப்ப மனமில்லாமல், மரியாதையோடு கொண்டுவந்து ஒப்படைக்கப் பிராஸ் கரை முழுவதும் நடந்தே நம் கரைக்கு வந்தது. அப்படித்தான் ஒரே மாலையில் இரு கரையும் கடந்தன. இந்த ஒரு முறை அந்தச் சொல்லை நான் திருத்தப் போவதில்லை.

நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. நான் ஃபெலிஸ்மினாவின் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். கதவு திறந்தே இருந்தது. படுத்திருப்பதாகச் சொல்லப்பட்டவள் அடுப்பின் முன் நின்று கீரை சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். இரு முழங்காலும் நேராக இருந்தன. மேசையில் இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி.

'முழங்கால் எங்கேடி?'

'ரெண்டும் இங்கேதான் இருக்கு. உட்காரு.'

'ரெண்டாவது கிண்ணம் யாருக்கு?'

'புனித பிராசுக்கு.'

'பிராஸ் சூப்புக் குடிப்பாரா?'

'குடிக்கலைன்னா நீ குடி. ஆறுது.'

குடித்தேன். உப்பு ஒரு சிட்டிகை அதிகம். அதை உடனே சொன்னேன். குடித்து முடித்து, வாயைத் துடைத்து, கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு, 'இப்போ சொல்லு. மதர் என்ன சொன்னாங்க?' என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். 'நேரமாச்சு. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போ. நாளைக்குச் சொல்றேன்' என்றாள்.

திரும்பும் வழியில் பாலத்து வாயிலில் உள்ள அந்தக் காபிக் கடையில் நின்று ஒரு காபி வாங்கிக் குடித்தேன். தியோதோசியோ, நீங்கள் எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் மனம் வருந்த வேண்டாம். சுமார்தான். வாசனையே மேல்.

இன்ஜினியர் சார் ரயிலைத் தவறவிட்டார். அறிக்கையை இங்கேயே எழுதினார். 'இப்பாலம் இரு கரை மக்களுக்கும் இன்றியமையாதது' என்று எழுதி என்னிடம் காட்டினார். இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். பழுது பார்த்த மாதங்களில் பாலம் மூடிக் கிடந்தது. பேருந்தில் போய்த்தான் சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன. இன்று இரும்பு புதுசு, பலகை புதுசு, பச்சை வண்ணம் புதுசு. நடுப்பலகையை மட்டும் மாற்ற நான் விடவில்லை. அடியில் எஃகு கொடுத்து அதே பலகையைப் போட்டிருக்கிறார்கள். குழிந்த இடம் அப்படியே இருக்கிறது. என் இரு பாதமும் அதில் சரியாகப் பொருந்துகின்றன. எதிரே இருக்கும் குழி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் அருமை ரிபால்வா மக்களே, எதற்காக இவ்வளவு பாடு பட்டோம்? இரும்புக்காகவா? இரும்பு கடையில் கிடைக்கும். பலகைக்காகவா? பலகை காட்டில் கிடைக்கும். மோன்ஃபாலிம்காரர்கள் இந்தப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் ஆற்றின்மேல் வைத்திருக்கலாம். நிற்பதற்கு நடுவை எங்கே வாங்குவார்கள்? எதிரே நின்று எதிர்த்துப் பேச ஃபெலிஸ்மினாவை எங்கே வாங்குவார்கள்? கரை கரையோடு சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்துவிட்டால் ஆறு எங்கே போகும்? கண் கண்ணாக இருக்கட்டும், தொண்டை தொண்டையாக இருக்கட்டும். ஆனால் பார்ப்பவள் ஒருத்தி இருந்தால் பேசுபவள் ஒருத்தி வேண்டும். பேசுபவள் ஒருத்தி இருந்தால் அவள் முழுங்கிய வரியை நினைவு வைத்திருக்க இன்னொருத்தி வேண்டும். அதற்காகப் பாலத்துக்குப் போங்கள். தினமும் போங்கள். நின்று பேசுங்கள். மனம் வந்தால் அந்தப் பக்கமும் இறங்குங்கள். யாராவது கேட்டால் கடந்தேன் என்று சொல்லாதீர்கள்; பார்க்கப் போனேன் என்று சொல்லுங்கள்.

முடிக்குமுன் தலைவரிடம் ஒரு விண்ணப்பம். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நேற்று வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றும் சூப்பு தந்தார். நேற்றும் 'நாளைக்குச் சொல்றேன்' என்றார். இரு கரையும், இரு சாமியார்களும், நகரசபையும் சாட்சியாக இங்கே கேட்கிறேன். டோனா ஃபெலிஸ்மினா அவர்களே, பதக்கம் போட்ட அன்று மதர் பெர்பெத்துவா என்னைப் பற்றி என்ன சொன்னார்?

கை தட்டாதீர்கள். பேசாமல் இருங்கள்.

தலைவர் எழுந்திருக்கிறார். முழங்கால் நன்றாகவே வேலை செய்கிறது. ஒலிபெருக்கிப் பக்கம் வருகிறார். உண்மையாகவே சொல்லிவிடுவார் போலிருக்கிறது.

ஃபெலிஸ்மினா, உட்காரடி. இங்கே வேண்டாம். இத்தனை பேர் முன்னால் அவசரமாகச் சொல்கிற விஷயமா அது? நாளைக்குச் சொல். நாளைக்கும் முடியாவிட்டால் அதற்கு மறுநாள் சொல். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

பொறுமையோடு கேட்ட என் கரைக்கும், பொறுமையில்லாமல் கேட்ட எதிர்க்கரைக்கும், பிழையோடு அழைப்பிதழ் அடித்து எனக்குத் திருத்தும் வாய்ப்புத் தந்த விழாக் குழுவுக்கும், கருவாட்டைக் கருகவிட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போவேன். எதிர்க்கரையில் சூப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. வணக்கம்.